வண்ணக் கோரை

கோரை என்றதும் நம்மில் பலருக்குப் பாய்தான் நினைவுக்கு வரும். பத்தமடையில் மணமக்களின் பெயரைச் சேர்த்து நெய்து தரும் பட்டுப் போன்ற பாயும், கோடையில் மொட்டை மாடியில் விரித்துப் படுக்கும் சாதாரணப் பாயும் கோரைத் தண்டால் ஆனவை. வயல் உள்ள வீட்டுப் பெண்களுக்கோ கோரை என்றால் களை. பிடுங்கப் பிடுங்க முளைக்கும் அந்தக் கிழங்கோடு வீட்டார் படும் பாட்டை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். அப்படிப்பட்ட கோரையைக் காசு கொடுத்து வாங்கி, வாசலில் அழகுக்காக வைத்து, தலையை வாரி விடுவது போல் வாரி விட்டு வளர்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்றால் நம்புவது கடினந்தான். ஜப்பானிலும் நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் அவ்வாறு வளர்க்கிறார்கள். அவர்களைக் கவர்வது கோரை இலையின் நிறம். பொன் நிறம், செம்பு நிறம், செங்கல் நிறம், பச்சையின் நடுவே வெண்மஞ்சள் கோடு என்று அதில் பல வகை உண்டு.

இந்த நிறங்கள் எல்லாம் ஒரே வழியில் வந்தவை அல்ல. எந்த நிறம் எந்த வழியில் வந்தது என்று அறியாமல் வண்ணக் கோரையை வளர்க்கப் புகுந்தால், சில ஆண்டுகளில் தொட்டியில் வெறும் பச்சைக் கோரை மட்டுமே மிஞ்சினாலும் வியப்பதற்கில்லை. ஆகவே, நிறம் பிறந்த கதையையும் அதைக் காக்கும் முறையையும் சேர்த்தே காண்போம்.

முதலில் கோரை எது, புல் எது என்று பிரித்தறிய வேண்டும். பூக்கும் தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருண்டையாக, பெரும்பாலும் உள்ளே பொள்ளலாக, கணுக்களோடு இருக்கும். கோரையின் தண்டு மூன்று முனையோடு விரலில் தட்டுப்படும். உள்ளே நிறைவாக இருக்கும். வெளியே கணு தெரியாது. புல்லில் இலைகள் இரண்டு வரிசையாகவும், கோரையில் மூன்று வரிசையாகவும் அமைந்திருக்கும். எல்லாக் கோரைக்கும் தண்டு முக்கோணம் என்று சாதித்து விடவும் முடியாது. உருண்டைத் தண்டுடைய கோரைகளும் உண்டு. ஆயினும் தோட்டத்தில் நிற்கும்போது இந்த விரல் சோதனை நமக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும்.

கோரைக் குடும்பத்துக்குத் தாவர நூலார் இட்ட பெயர் சைப்பரேசி. சுமார் 5,500 சிற்றினங்கள் இதில் அடங்கும். எகிப்தியர் எழுதப் பயன்படுத்திய பாப்பிரஸ் தாளைத் தந்ததும் இக்குடும்பத்துச் செடியே. நம் வயலின் கோரைக்கிழங்கும், பாய்க்கோரையும், எகிப்தின் பாப்பிரசும் சைப்பிரஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தோட்ட அழகுக்கு வளர்க்கும் வண்ணக் கோரைகளில் பெரும்பாலானவை கேரெக்ஸ் என்ற மற்றொரு பேரினத்தைச் சேர்ந்தவை. லின்னேயஸ் தமது 1753-ஆம் ஆண்டு நூலிலேயே இதைக் குறித்திருக்கிறார். இன்று இதில் 2,000 சிற்றினங்களுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலும் குளிர்ந்த, மிதமான நாடுகளில் வளர்பவை. இவற்றின் பூக்களில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் பூ ஒவ்வொன்றும் குடுவை போன்ற ஒரு சிறு உறைக்குள் ஒளிந்திருக்கும். மகரந்தத்தைக் காற்றே எடுத்துச் செல்வதால், வண்டுகளை அழைக்க வண்ண இதழ் இவற்றுக்குத் தேவைப்படவில்லை. பூவில் இல்லாத நிறம் இலையில் இருப்பதுதான் வேடிக்கை.

நியூசிலாந்துக் கோரைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் இயற்கையாகவே பழுப்பு நிறத்தில் வளரும் கேரெக்ஸ் சிற்றினங்கள் பல உண்டு. கேரெக்ஸ் புக்கனானியை என்பது முழங்காலுக்குச் சற்று மேலே, சுமார் 60 சென்டிமீட்டர் உயரம், நிமிர்ந்து வளரும்; இலைகள் செம்பழுப்பு; நுனி பன்றி வால் போலச் சுருண்டிருக்கும். நியூசிலாந்தில் தாவரங்களைத் தேடிச் சேகரித்துப் படம் வரைந்த ஜான் புக்கனன் (1819–1898) என்பவரின் பெயரைத் தாங்கியது. கேரெக்ஸ் டெஸ்டேசியா என்பது வளைந்து சாயும் வகை. அதன் பெயருக்கு இலத்தீனில் செங்கல் நிறமுடையது என்று பொருள். நிழலில் வைத்தால் இது மங்கிய பச்சையாகவே நின்றுவிடும். நல்ல வெயிலில் வைத்தால் ஆரஞ்சு நிறம் ஏறும். குளிர்காலத்தில் அந்நிறம் இன்னும் கூடும்.

இந்தப் பழுப்புக் கோரைகளுக்கு நேரும் ஆபத்து ஒன்று உண்டு. செடி செத்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்! பார்த்தால் காய்ந்த வைக்கோல் போலத்தான் இருக்கும். உயிருள்ளதா என்று அறிய நிறத்தை நம்பக்கூடாது. இலையை வளைத்துப் பாருங்கள். உயிருள்ள இலை வளையும், செத்தது மளுக்கென்று ஒடியும். மெல்ல இழுத்துப் பாருங்கள். செத்த இலை கையோடு வந்துவிடும், உயிருள்ளது அடியில் உறுதியாகப் பற்றி நிற்கும். பழுப்பாகத் தெரிந்தாலும் அந்த இலைகளில் பச்சையம் இல்லாமல் இல்லை. மற்ற நிறமிகள் அதை மறைத்து நிற்கின்றன. பச்சையம் அறவே இல்லாவிட்டால் அச்செடி தனக்கு உணவு ஆக்கிக்கொள்ள முடியாதல்லவா?

இந்நிறம் அந்தச் சிற்றினத்தின் இயல்பான நிறம். தாய் பழுப்பு என்றால் விதையில் முளைக்கும் பிள்ளையும் பழுப்பாகவே இருக்கும். எனவே இவற்றை விதையிட்டுப் பெருக்கலாம். தாமாகவே விதை சிந்தித் தொட்டியைச் சுற்றிலும் கல்லிடுக்கிலும் முளைப்பதும் உண்டு. சில ஆண்டுகளில் மூத்த செடி நடுவில் காய்ந்து பொலிவிழந்துவிடும் என்பதால், இப்படி முளைத்த இளங்கன்றுகளில் நான்கைந்தை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மிஞ்சியவற்றைச் சிறிதாக இருக்கும்போதே களைந்துவிட வேண்டும்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். எட்வர்டு அகஸ்டஸ் பௌல்ஸ் (1865–1954) என்ற தோட்டக்கலைஞர் அங்கு வாழ்ந்தார். விந்தையான செடிகளில் அவருக்கு அளவற்ற ஆசை. திருகித் திருகி வளரும் செடி, இலை உருமாறிய செடி என்று கோணலானவற்றை எல்லாம் என்ஃபீல்டில் இருந்த தம் தோட்டத்தில் ஒரு பாத்தியில் திரட்டி, அதற்குப் 'பைத்தியக்கார விடுதி' என்றே பெயர் சூட்டியிருந்தார். அவர் கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலத்தில் பச்சைக் கோரைகளுக்கு நடுவே பொன் நிறமாக நின்ற ஒரு கோரையைக் கண்டெடுத்தார். அதுவே இன்று 'பௌல்ஸ் பொற்கோரை' என்று வழங்குகிறது. கேரெக்ஸ் இலேட்டா என்ற பச்சைக் கோரையில் தற்செயலாகத் தோன்றிய மாற்றம் அது. வசந்த காலத்தில் இலைகள் பளிச்சென்ற மஞ்சளாக, ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சைக் கரையோடு வெளிவரும். கோடை செல்லச் செல்லப் பச்சை ஏறும். குளிர்காலத்தில் இலைகள் காய்ந்துவிடும். ஈரம் மிகுந்த இடமும் வெளிச்சமும் இதற்கு வேண்டும். குளத்தின் ஓரம் மிகவும் ஏற்றது. அன்று அவர் கண்டெடுத்த செடியின் துண்டுகளும், துண்டின் துண்டுகளுமே இன்று பல நாட்டுத் தோட்டங்களில் வளர்கின்றன என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

வரிக் கோரைகளுக்குப் பெயர்போன நாடு ஜப்பான். வரியும் புள்ளியும் விழுந்த இலைகளைப் பேணி வளர்ப்பதில் ஜப்பானியருக்கு நெடுங்காலமாகவே தனி ஈடுபாடு. 1827-இலும் 1829-இலும் இத்தகைய விந்தை இலைச் செடிகளைப் படத்தோடு விளக்கும் நூல்கள் அங்கே அச்சாகியிருக்கின்றன. கோரை அவர்களுக்கு வெறும் அழகுச் செடியாக இருந்ததும் இல்லை. நாம் கோரையில் பாய் நெய்வது போல, அவர்கள் கோரையில் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற அகன்ற தொப்பி முடைந்தார்கள்.

அந்நாட்டு வண்ணக் கோரைகளுள் புகழ் பெற்றது 'எவர்கோல்டு'. தாவரப் பெயர் கேரெக்ஸ் ஓஷிமென்சிஸ். தோக்கியோவுக்குத் தெற்கே கடலில் உள்ள ஓஷிமா என்ற எரிமலைத் தீவின் பெயரால் அழைக்கப்படுவது. காட்டு நிழலிலும் பாறைச் சரிவிலும் வளரும் இதன் இயல்பான நிறம் பச்சை. அதில் தோன்றிய எவர்கோல்டு வகையில் இலையின் நடுவே வெண்மஞ்சள் பட்டையும் இருபுறமும் கரும்பச்சைக் கரையும் இருக்கும். உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். ஊற்று பொங்கி வழிவது போல இலைகள் நாற்புறமும் வளைந்து விழும். குளிர்காலத்திலும் இலை உதிராது. பழைய புத்தகங்களில் இதைக் கேரெக்ஸ் மாரோவியை என்றும், கேரெக்ஸ் ஹச்சிஜோயென்சிஸ் என்றும் எழுதியிருப்பார்கள். மூன்றும் மூன்று செடிகளோ என்று மயங்க வேண்டாம். மாரோவியை என்பது உண்மையில் வேறொரு ஜப்பானியக் கோரை. 1854-இல் அமெரிக்கத் தளபதி பெரியின் கப்பல்களோடு ஜப்பான் சென்ற மாரோ என்பவரின் பெயர் அது.

நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இதுதான். வரி என்பது எப்படி உண்டாகிறது?

பச்சையம் இருக்கும் செல்கள் ஒளிச்சேர்க்கை செய்து உணவு ஆக்கும் என்று படித்திருக்கிறோம். வரிக் கோரையின் ஒரே குருத்தில் இருவகைச் செல்கள் இருக்கின்றன. ஒருவகை பச்சையத்தைச் செவ்வனே உண்டாக்கும். மற்றொருவகைக்கு அந்த ஆற்றல் குறைவு, அல்லது இல்லவே இல்லை. ஒருவித்திலைத் தாவரத்தின் இலை அடியிலிருந்து வளர்வது. அடியில் ஒரு செல் பிரியப் பிரிய, அதன் வழிவந்த செல்கள் மேல்நோக்கி நீண்ட வரிசையாகச் செல்லும். அதனால்தான் குரோட்டன்ஸ் இலையில் திட்டுத் திட்டாகத் தெரியும் நிறம், கோரையில் அடி முதல் நுனி வரை கோடாக ஓடுகிறது. ஆகவே வரி என்பது, ஆற்றலுள்ள செல்களும் ஆற்றல் குறைந்த செல்களும் அடுத்தடுத்து நிற்கும் ஓர் அணிவகுப்பு. வெளிறிய பகுதி தனக்கு வேண்டிய உணவைப் பெரும்பாலும் அருகிலுள்ள பச்சைப் பகுதியிடமிருந்தே பெறுகிறது. வரிச் செடிகள் பச்சைச் செடிகளை விட மெதுவாக வளர்வதற்குக் காரணமும் இதுவே.

இந்த அணிவகுப்பு விதையின் வழியே செல்லுமா? இதற்கு விடை தேட நம் கொல்லையில் பூக்கும் அந்திமந்தாரை உதவியிருக்கிறது. மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடியில் கண்ட விதிகளை 1900-இல் மீண்டும் வெளிக்கொணர்ந்த மூவருள் ஜெர்மானியரான கார்ல் காரென்ஸ் ஒருவர். இலையில் வெள்ளைத் திட்டு விழுந்த அந்திமந்தாரைச் செடி ஒன்றை அவர் ஆராய்ந்தார். அதில் சில கிளைகள் முழுப் பச்சை, சில முழு வெளுப்பு, சில இரண்டும் கலந்தவை. பச்சைக் கிளையில் பூத்த பூவின் விதைகள் பச்சை நாற்றுகளையே தந்தன. வெளுத்த கிளையின் விதைகளோ வெளுத்த நாற்றுகளையே தந்தன. பச்சையம் இல்லாத அவை பிழைக்கவில்லை. கலப்புக் கிளையின் விதைகளில் மூன்று வகையும் முளைத்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை. தாய்க் கிளையைப் பொறுத்தே நாற்றின் நிறம் அமைந்தது. 1909-இல் அவர் வெளியிட்ட இந்த ஆய்வு மெண்டலின் விதிகளுக்குள் அடங்காத ஒரு மரபு வழியைக் காட்டியது. பச்சையத்தைத் தாங்கும் கணிகங்கள் அந்திமந்தாரையில் தாயின் அண்டச் செல் வழியாகவே பிள்ளைக்குச் செல்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

எவர்கோல்டுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். விதை உருவாவது ஒரே ஒரு செல்லிலிருந்து. அடுத்தடுத்து நின்ற இருவகைச் செல்களின் அணிவகுப்பு அந்த ஒற்றைச் செல்லுக்குள் எப்படி அடங்கும்? எனவே வரிக் கோரையின் விதையை நம்பி விதைப்பது வீண். இதைப் பெருக்க ஒரே வழி, தூரைப் பிரித்து நடுவதுதான். பௌல்சின் பொற்கோரையையும் அவ்வாறே பெருக்குகிறார்கள்.

இன்னொன்றும் இதிலிருந்து விளங்கும். தூரில் எப்போதாவது ஒரு குருத்து முழுப் பச்சையாக முளைக்கலாம். அதைக் கண்டு, "ஆகா, செடி நல்ல செழிப்பாக இருக்கிறதே!" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அதன் இலை முழுவதும் உணவு ஆக்கும். எனவே வரிக் குருத்துகளை விட விரைவாக வளரும். பக்கக் குருத்துகளைப் பெருக்கும். நிழல் கவித்து மற்றவற்றை ஒடுக்கும். கவனிக்காமல் விட்டால் தூர் முழுவதும் பச்சையாகிவிடும். இலையை மட்டும் கிள்ளுவதில் பயன் இல்லை. மண்ணைச் சற்று விலக்கி, அந்தக் குருத்தை அதன் வேரோடு பிரித்து எடுத்துவிட வேண்டும். நன்றாக வளரும் குருத்தைப் பிடுங்குவதற்கு மனம் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தோட்டத்தில் வரி வேண்டுமென்றால் வேறு வழி இல்லை.

வளர்க்கும் முறையில் பெரிய சிரமம் ஒன்றும் கிடையாது. எவர்கோல்டுக்குப் பாதி நிழல் போதும். உச்சி வெயில் நேரே விழுந்தால் வெளிறிய பட்டை கருகும். அடர்ந்த நிழலில் நிறம் மங்கும். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கி நிற்கக் கூடாது. மட்கிய தழையுரம் கலந்த மண்ணில், குருத்தின் அடி மண் மட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி, செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விட்டு நட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் குருத்து அழுகும். நட்ட முதல் ஆண்டு மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை.

இலை உதிராத வகைகளை ஒட்ட அறுக்கவே கூடாது. அப்படி அறுபட்ட தூர் மீள்வது கடினம். வசந்த காலத்தில் கையுறை அணிந்த விரல்களை இலைகளுக்கிடையே விட்டு, கூந்தலைக் கோதுவது போல் அடியிலிருந்து நுனிக்குக் கோதினால் காய்ந்த இலைகள் கையோடு வந்துவிடும். கையுறை வேண்டுமா என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கோரை இலையின் ஓரத்தில் அரம் போன்ற நுண்பற்கள் உண்டு, விரலை அறுத்துவிடும். பௌல்சின் பொற்கோரையோ இலை காய்வது. அதைக் குளிர்காலம் கழியும் தறுவாயில் அடியோடு வெட்டிவிடலாம்.

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, புதுக் குருத்து விடும் வசந்த காலத்தில் தூரைத் தோண்டி எடுத்துப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் வேரோடு கூடிய நாலைந்து குருத்துகளாவது இருக்கட்டும். ஒற்றைக் குருத்தாகப் பிய்த்து நட்டால் பிடிப்பதற்குள் சோர்ந்துவிடும். இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிட்டு உடனே நட்டு நீர் ஊற்ற வேண்டும். வரி மிகத் தெளிவாக உள்ள பங்கையே நடுவதற்குத் தேர்ந்தெடுங்கள்.

இவை எல்லாம் குளிர் நாட்டுச் செடிகள் ஆயிற்றே, நமக்கு எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். கொடைக்கானல், உதகமண்டலம் போன்ற மலையூர்களில் வாழ்வோர் எவர்கோல்டை வைத்துப் பார்க்கலாம். சமவெளியின் சித்திரை வெயிலில் அதை வைத்து வதைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நமக்கென்று இதன் உறவுக்காரச் செடி ஒன்று நர்சரிகளில் எளிதாகக் கிடைக்கிறது. 'அம்ப்ரெல்லா பாம்' என்று சொல்லி விற்பார்கள். பனைக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் தாயகமாக உடைய கோரை அது. நம் பாய்க்கோரையின் பேரினமான சைப்பிரசைச் சேர்ந்தது. நெடிய தண்டின் உச்சியில் இலைகள் குடைக் கம்பிகள் போல விரிந்து நிற்கும். தொட்டியில் நீர் நின்றாலும் அதற்குக் கேடில்லை. இதிலும் வெள்ளை வரியோடு கூடிய வகை ஒன்று உண்டு. அந்த வகை மிக எளிதாகப் பச்சைக்குத் திரும்பிவிடக் கூடியது என்பதால், மேலே சொன்ன பாடத்தை நேரில் கண்டறிய இதைவிட நல்ல செடி கிடைக்காது. மிஞ்சிய தூர்களை ஏரியிலோ வாய்க்காலிலோ வீசிவிடாதீர்கள். நீர்நிலைகளில் பரவிக் களையாகிவிடும்.

விடுமுறையில் மாணவியர் செய்து பார்க்க ஒரு வேலை. சாதாரணப் பச்சைக் குடைக்கோரையின் முற்றிய தண்டு ஒன்றை, குடைக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு நறுக்குங்கள். குடை இலைகளைப் பாதி நீளத்துக்குக் கத்தரித்துவிட்டு, தலைகீழாக ஒரு கண்ணாடிக் குவளை நீரில் விடுங்கள். குடை நீரிலும் காம்பு மேலேயும் இருக்கட்டும். சில வாரங்களில் குடையின் நடுவிலிருந்து வெள்ளை வேர்களும் சிறு குருத்துகளும் கிளம்பும். வரியுள்ள செடி கிடைத்தால் அதன் குடை ஒன்றையும் பக்கத்துக் குவளையில் அவ்வாறே விடுங்கள். முளைப்பவற்றில் எத்தனை வரியோடு வந்தன, எத்தனை முழுப் பச்சை, எத்தனை முழு வெளுப்பு என்று எண்ணித் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க மூன்று நாளுக்கு ஒரு முறை நீரை மாற்ற வேண்டும். வேர் ஒரு விரற்கடை நீண்டதும் சேறு கலந்த மண்ணில் நட்டு, முதல் வாரம் நிழலில் வையுங்கள்.